கோட்டுப்பைக்குள் அடங்கிய கட்டுரைகள்: பிசிஜி பற்றி

கேள்வி, மார்ச் 2

நிர்வாகப் படிப்பில் சேர்ந்த முதல் மாதமே பிசிஜி மேட்ரிக்ஸ் நடத்திவிட்டார்கள். ஒரு கம்பெனியின் பொருள்களைச் சந்தை வளர்ச்சி, சந்தைப் பங்கு இரண்டையும் பார்த்துப் பிரிக்கும் நான்கு கட்டம்: இரண்டும் அதிகமென்றால் நட்சத்திரம், வளர்ச்சி மட்டும் என்றால் கேள்விக்குறி, பங்கு மட்டும் என்றால் பசு, இரண்டும் குறைவென்றால் நாய். ஒரு கன்சல்டிங் கம்பெனி தன் கடையை விரிக்கப் போட்ட படம்தானே இது? இதில் படிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 2, இரவு

கடை விரிக்கப் போட்டது என்பது உண்மை. அதனால் அதில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

புரூஸ் ஹெண்டர்சன் 1963-ல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பை, அதாவது பிசிஜி-யை, தொடங்கியபோது அது தனிக் கம்பெனிகூட இல்லை. பாஸ்டன் சேஃப் டெபாசிட் அண்ட் டிரஸ்ட் என்ற நிதி நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவு. முதல் மாத வருமானம் 500 டாலர். இன்னொரு ஆலோசனைக் கம்பெனியான மெக்கின்சி அதற்குள் முப்பத்தேழு வயதைத் தொட்டுவிட்டது. ஹெண்டர்சன் வேலை பார்த்துவிட்டு வந்த ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனைக் கம்பெனி அதைவிடப் பழையது. பெயர் தெரியாத ஆளிடம் எந்தக் கம்பெனித் தலைவர் வந்து பேசுவார்? அதனால் 1964-லிருந்து சின்னச் சின்னக் கட்டுரைகளாக அச்சடித்துத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார். பெர்ஸ்பெக்டிவ்ஸ் என்று பெயர். கோட்டின் உள்பையில் வைக்கும் அளவு. உட்கார்ந்தால் ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம்.

உங்கள் நான்கு கட்டமும் அப்படிக் கிளம்பியதுதான். 1970-ல் வந்த 'தி புராடக்ட் போர்ட்ஃபோலியோ' என்ற கட்டுரை.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இந்தப் படத்தை வைத்து ஒரு லைனை மூடினார்கள். அதற்கான எண்களை எடுத்துக் கொடுத்தவன் நான். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 3

ரப்பர் சீல், கேஸ்கெட் செய்யும் தொழிற்சாலை. நான் அடக்கவிலைப் பிரிவில். மொத்தம் ஐந்து லைன். அதில் ஒன்று பழைய மாடல் கம்ப்ரஸர்களுக்கான ஆயில் சீல். அந்தக் கம்ப்ரஸர்களை யாரும் புதிதாகச் செய்வதில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை ஏராளம். வருஷா வருஷம் ஆர்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், நிற்கவே நிற்காது.

வெளியிலிருந்து ஓர் ஆலோசனைக் குழு வந்தது. பிசிஜி இல்லை, வேறு. பெயர் வேண்டாம். மூன்று வாரம் எண்களை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசி நாள் திரையில் ஐந்து வட்டம். எங்கள் ஆயில் சீல் வலது பக்கம் கீழ் மூலையில். பக்கத்தில் ஒரு நாய்ப் படம்.

அந்த லைனில் பதினோரு பேர். ஆறு மாதத்தில் லைன் மூடப்பட்டது.

அன்றிலிருந்து அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம். ஹெண்டர்சன் எழுதியதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். படித்தபின் கோபம் இடம் மாறியது. மூலக் கட்டுரையில் அவர் எதையும் மூடச் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கத்தியாக்கினார்கள்.

மார்ச் 4

ஒருவர் கேட்டிருக்கிறார்: படத்துக்கு அடியில் ஏதாவது தர்க்கம் உண்டா, இல்லை வெறும் மிருகக்காட்சிதானா?

உண்டு. அனுபவ வளைகோடு. 1966-ல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற மின்னணுப் பாகக் கம்பெனிக்கு வேலை செய்தபோது பிசிஜி கண்டுபிடித்தது. ஒரு பொருளை இதுவரை மொத்தம் எத்தனை செய்திருக்கிறோமோ அந்த எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒன்றுக்கான செலவு 20 முதல் 30 சதவீதம் குறையும் என்பது அதன் சாரம். வருட உற்பத்தி அல்ல, தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தம். விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரமாவது சீலுக்கு 100 ஆன செலவு இரண்டாயிரமாவதுக்கு 80. நாலாயிரமாவதுக்கு 64. எட்டாயிரமாவதுக்கு 51 சொச்சம்.

இப்போது போட்டிக்காரனைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவன் என்னைப்போல் இரண்டு மடங்கு செய்திருந்தால் அவன் செலவு என் செலவைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இருவருக்கும் சந்தையில் ஒரே விலைதான். அவனுக்கு மிஞ்சுவது எனக்கு மிஞ்சாது. அதனால்தான் சந்தைப் பங்கு முக்கியம் என்றார்கள். வேகமாக வளரும் சந்தையில் மொத்தம் சீக்கிரம் இரட்டிக்கும், பங்கைப் பிடிக்க அதுதான் நேரம், அதற்குப் பணம் வேண்டும். வளர்ச்சி நின்ற சந்தையில் முன்னணியில் இருப்பவனுக்குப் பணம் கொட்டும். அங்கே கறந்து இங்கே ஊற்று. நான்கு கட்டம் என்பது இந்தக் கணக்கின் நிழல்.

கணக்கை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நடத்தினால் மிருகக்காட்சிதான்.

மார்ச் 4, பின்னிரவு

மேலே 'கண்டுபிடித்தது' என்று எழுதியது தவறு. ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். விமானத் தொழிற்சாலைக்காரர் டி. பி. ரைட் 1936-லேயே இதை வெளியிட்டிருக்கிறார். ஒரு மாடல் விமானத்தின் மொத்த எண்ணிக்கை இரட்டித்தால் ஒரு விமானத்துக்கான கையுழைப்பு 20 சதவீதம் குறைகிறது என்பது அவர் கணக்கு. இரண்டாம் உலகப்போரின்போது விமான உற்பத்தியைத் திட்டமிட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பிசிஜி செய்தது வேறு. தொழிலாளியின் கை பழகுவதைப் பற்றிய சூத்திரத்தை எடுத்து, விற்பனைச் செலவு, மேற்செலவு என்று மொத்தச் செலவுக்கும் நீட்டினார்கள். அதைவிட முக்கியமாக, தொழிற்சாலைத் தரையிலிருந்து போட்டிக்காரனின் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். என் செலவு எப்படிக் குறையும் என்பது ரைட்டின் கேள்வி. உன் செலவைவிட என் செலவு எவ்வளவு கீழே என்பது ஹெண்டர்சனின் கேள்வி. புதுமை அந்த இடத்தில்தான்.

மார்ச் 6

மார்ச் 3-ல் எழுதியதைத் திருத்த வேண்டும். நேற்று அந்த 1970 கட்டுரையை மறுபடி எடுத்து வரிவரியாகப் படித்தேன்.

முதல் ஆச்சரியம்: அதில் நாய் இல்லை. அவர் எழுதியது 'பெட்ஸ்'. வளர்ப்புப் பிராணிகள். நாய் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது எனக்குக் கசந்தது. அந்தப் பிராணிகளைப் பற்றி அவர் இரக்கமே காட்டவில்லை. கணக்கில் லாபம் காட்டலாம், ஆனால் அந்த லாபம் பங்கைக் காப்பாற்றவே திரும்பப் போய்விடும், கையில் எதுவும் நிற்காது, கலைத்து விற்றால் தவிர அதற்கு மதிப்பில்லை என்கிறார். இப்படி ஒரு பொருள் இருப்பதே, வளரும் காலத்தில் முதலிடத்தைப் பிடிக்கவும் இல்லை, நேரத்தோடு வெளியேறவும் இல்லை என்பதற்கான அத்தாட்சி என்கிறார்.

பின்னால் வந்தவர்கள்தான் கத்தியாக்கினார்கள் என்று நான் சொன்னது நிற்காது. கத்தி அவருடையதே. இத்தனை வருஷம் அவரைக் காப்பாற்ற நினைத்திருக்கிறேன். எழுத்து அவ்வளவு சுத்தம், வாக்கியங்கள் அவ்வளவு குட்டை. படிக்கும்போது தலையாட்டிக்கொண்டே போய்விடுவோம்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

அவரிடம் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப நாட்களில் நமக்கென்று ஒரு தனித் துறை வேண்டும், எதில் நிபுணர் என்று சொல்லிக்கொள்வது என்று ஆட்களைக் கூட்டிப் பேசியிருக்கிறார். அவர் சொன்னது: வணிக வியூகம். அது மொட்டையாக இருக்கிறது, கேட்பவர்களுக்கு என்னவென்றே புரியாது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். அதுதான் அதன் அழகு, என்னவென்று நாமே வரையறுப்போம் என்றாராம்.

இன்று எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்தச் சொல் இல்லாமல் ஒரு கூட்டம் நடப்பதில்லை. அதற்கு அர்த்தம் கொடுத்ததில் பெரும் பங்கு தபாலில் போன அந்தச் சின்னக் காகிதங்களுக்கு. இன்ஜினியரிங் படித்தவர், குடும்பத்தின் பதிப்புத் தொழிலில் பைபிள் விற்றுப் பழகியவர், ஹார்வர்ட் வணிகப் பள்ளியைப் பட்டம் வாங்க மூன்று மாதம் இருக்கும்போது விட்டுவிட்டு வெஸ்டிங்ஹவுஸ் வேலைக்குப் போனவர். வீடு வீடாக ஏறி விற்றவருக்குத்தான் இவ்வளவு சுருக்கமாக எழுத வரும் என்று எனக்குத் தோன்றும்.

மார்ச் 9

'பெய்ன் என்ற ஆலோசனைக் கம்பெனி பிசிஜி-யிலிருந்து வந்ததா?' ஆம். ஹெண்டர்சன் கம்பெனிக்குள்ளேயே மூன்று அணிகளாகப் பிரித்து ஒன்றோடு ஒன்று போட்டிபோட வைத்தார். நீலம், சிவப்பு, பச்சை. நீல அணித் தலைவர் பில் பெய்ன் 1973-ல் ஆட்களோடு வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கினார். போட்டியைப் பற்றி உலகத்துக்கே எழுதியவர் தன் வீட்டுக்குள் அதை வளர்த்துச் சூடுபட்டார். பிறகு பங்குகளை ஊழியர்களே வாங்கி, 1970-களின் இறுதிக்குள் பிசிஜி தாய் நிறுவனத்தை விட்டு முழுசாக விலகியது. ஹெண்டர்சன் 1992-ல் காலமானார்.

பெய்ன் ஆரம்பத்தில் எதுவும் வெளியிடவில்லை, வாய் திறக்காத கம்பெனி என்று பெயர். ஒருவன் எழுதியே வளர்ந்தான், அவனிடமிருந்து பிரிந்தவன் எழுதாமலே வளர்ந்தான். கட்டுரைதான் வியாபாரத்தைக் கொண்டுவந்தது என்ற தொனியில் மார்ச் 2-ல் நான் எழுதியதை இது கொஞ்சம் அசைக்கிறது. ஆனால் பெய்ன் கையில் எடுத்துக்கொண்டு போன சரக்கு அந்தக் கட்டுரைகளிலிருந்து வந்ததுதானே.

மார்ச் 11

ஹோண்டா கதையில் பிசிஜி எங்கே வருகிறது என்று கேட்டவருக்கு. இது எனக்கு மிகப் பிடித்த பகுதி, நீளமாகும்.

1975-ல் பிரிட்டிஷ் அரசுக்காக பிசிஜி ஓர் அறிக்கை தயாரித்தது. பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் தொழில் செத்துக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் வண்டிகளில் பிரிட்டனின் பங்கு 1959-ல் 49 சதவீதம், 1973-ல் 9. அறிக்கை சொன்ன காரணம் அனுபவ வளைகோட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது: ஜப்பானியர்கள் சொந்த ஊரில் சின்ன வண்டிகளை ஏராளமாகச் செய்து செலவைக் குறைத்தார்கள், அந்தப் பலத்தோடு அமெரிக்காவுக்குள் வந்து கீழிருந்து மேலே ஏறினார்கள். வணிகப் பள்ளிகளில் இது பாடமானது.

பிறகு ரிச்சர்ட் பாஸ்கல் என்பவர் 1982-ல் ஜப்பானுக்குப் போய், அமெரிக்காவுக்கு ஹோண்டாவைக் கொண்டுபோனவர்களில் ஆறு பேரை உட்காரவைத்துக் கேட்டார். 1984-ல் எழுதினார். அவர்கள் சொன்ன கதையே வேறு. 1959-ல் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியபோது அவர்கள் விற்க நினைத்தது பெரிய வண்டிகளை. அமெரிக்கர்கள் அதை நீண்ட தூரம், கடும் வேகத்தில் ஓட்டினார்கள். எண்ணெய் கசிந்தது, கிளட்ச் போனது. (எண்ணெய் கசிவு என்று படித்தவுடன் சீல் செய்தவனின் மனசு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.) இதற்கிடையில் அவர்களே ஊருக்குள் வேலையாகச் சுற்ற 50 சிசி சூப்பர் கப் என்ற சின்ன வண்டியை வைத்திருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டார்கள். சியர்ஸ் கடைக்காரர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள். பெரிய வண்டிகள் படுத்துவிட்டபோது வேறு வழியில்லாமல் சின்ன வண்டியை இறக்கினார்கள். 1964-ல் அமெரிக்காவில் விற்ற இரண்டு வண்டிகளில் கிட்டத்தட்ட ஒன்று ஹோண்டா.

ஆக, அறிக்கை எழுதியவர்கள் வரைந்த நேர்கோடு, உள்ளே இருந்தவர்களுக்கு இருட்டில் தடவித் தடவி நடந்த பாதை.

மார்ச் 12

நேற்று எழுதியதில் பிசிஜி-க்கு அநியாயம் செய்துவிட்டேனோ என்று காலையிலிருந்து உறுத்துகிறது.

பிரிட்டிஷ் அரசு கேட்டது 'ஹோண்டா 1959-ல் எப்படி நுழைந்தது' என்பதல்ல. '1975-ல் நாங்கள் என்ன செய்வது' என்பது. அந்தக் கேள்விக்கு, எதிராளியின் செலவு எவ்வளவு கீழே இருக்கிறது என்ற கணக்கு உண்மையிலேயே தேவை. அவன் அங்கே திட்டம்போட்டுப் போனானா, தற்செயலாகப் போனானா என்பதால் அந்தச் செலவு மாறாது. தவறு, அறிக்கையை வரலாறாகப் படித்தவர்களிடம்.

மார்ச் 3-ல் இதே மாதிரி ஹெண்டர்சனுக்கு வக்காலத்து வாங்கித் தோற்றது நினைவிருக்கிறது. இந்தத் தடவை அப்படி இல்லை என்று நம்புகிறேன். யோசித்துத்தான் சொல்கிறேன்.

மார்ச் 15

வளைகோட்டை நம்பி விழுந்தவர்கள் உண்டா என்று கேட்டவருக்கு: ஃபோர்டின் மாடல் டி. 1908-ல் 850 டாலர் அளவில் இருந்த வண்டி, 1920-களின் நடுவில் 300-க்கும் கீழே வந்தது. வளைகோட்டுக்கு இதைவிட அழகான சான்று கிடையாது. ஆனால் செலவைக் குறைப்பதற்காகவே தொழிற்சாலை முழுவதையும் ஒரே வண்டிக்கென்று இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மக்கள் மூடிய கூடு வைத்த வசதியான கார்களின் பக்கம், ஜெனரல் மோட்டார்ஸ் பக்கம் திரும்பினார்கள். 1927-ல் ஃபோர்டு மாதக்கணக்கில் ஆலையை நிறுத்தித்தான் அடுத்த மாடலுக்கு மாற முடிந்தது. அபர்நத்தி, வெய்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974-லேயே ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் இதை எழுதிவிட்டார்கள்.

இன்னொன்று, என் கணக்குப் புத்தி சொல்வது. ஒரே அளவில் வருஷா வருஷம் செய்யும் ஆலைக்கு முதல் இரட்டிப்பு ஒரே வருடத்தில் வந்துவிடும். அடுத்தது இரண்டு வருடம், பிறகு நான்கு, பிறகு எட்டு. நான்கு இரட்டிப்பு முடியப் பதினாறாம் வருடம் ஆகிவிடும். வயதான பொருளில் வளைகோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும். எங்கள் ஆயில் சீல் அந்த வயதில்தான் இருந்தது. அங்கே யாரும் எங்களைத் துரத்திப் பிடிக்கப்போவதில்லை.

மார்ச் 15, இரவு

பாடம் நடத்தியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங், பிராடி இருவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு முதலீட்டில் ஒன்றில் லாபம் தெளிவாக அதிகம். தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிசிஜி மேட்ரிக்ஸைத் தங்கள் அலசலில் பயன்படுத்தியவர்களில் 87 சதவீதம் பேர் லாபம் குறைந்ததை எடுத்தார்கள். எண்கள் கண்முன்னே இருந்தும். 1979 வாக்கில் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் உள்ள பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் 45 சதவீதம் இந்த வகைத் திட்டமிடலை ஏதோ ஓர் அளவில் கையாண்டன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மார்ச் 19

இதை எழுதத்தான் இரண்டு வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

கிடைமட்ட அச்சில் இருப்பது சந்தைப் பங்கு அல்ல, ஒப்பீட்டுப் பங்கு. நம் பங்கை, மிகப்பெரிய போட்டிக்காரனின் பங்கால் வகுக்க வேண்டும். 1-க்கு மேல் என்றால் நாமே முதலிடம். ஒரு சந்தையில் ஒரே ஒருவர்தான் 1-ஐத் தாண்ட முடியும். அனுபவ வளைகோட்டிலிருந்து வருவதால்தான் இப்படி. செலவில் யார் யாரைவிடக் கீழே என்பதுதானே கேள்வி.

அப்படியென்றால் 'சந்தை' எது என்பதில்தான் உயிரே இருக்கிறது.

பரணில் இருந்த என் பழைய நோட்டுகளை எடுத்தேன். அந்தக் குழு கொடுத்த படிவத்தில் 'சந்தையின் மொத்த அளவு' என்று ஒரு பத்தி. அதை நிரப்பியது நான். கையில் இருந்தது மொத்த ஆயில் சீல் விற்பனைக் கணக்கு. அதைப் போட்டுவிட்டேன். அந்த அளவில் எங்கள் பங்கு 4 சதவீதம், முதல்வனுக்கு 25. வகுத்தால் 0.16. நாய்.

ஆனால் பழைய கம்ப்ரஸர் வைத்திருப்பவர் கார் சீல் செய்பவனிடம் போகமாட்டார். அவருக்கு எங்களை விட்டால் சின்ன அளவில் செய்யும் ஒரு சில பேர்தான். விற்பனைக்காரர்கள் எழுதிவைத்த கணக்குப்படி அந்தச் சின்ன உலகத்தில் எங்களுக்கு 38 சதவீதம், அடுத்தவனுக்கு 16. ஒப்பீட்டுப் பங்கு 2.4 பக்கம். வளர்ச்சி இல்லை. படம் வரைந்தவரின் விதிப்படியே அது கறவைப் பசு.

அந்தப் பத்தியை நிரப்ப எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எவரிடம் ஆர்டரைத் தோற்கிறீர்கள் என்று குழுவும் கேட்கவில்லை, நானும் விற்பனைப் பிரிவுக்குப் படியேறிப் போய்க் கேட்கவில்லை. மார்ச் 3-ல் படத்தின் மேல் கோபம் என்றேன். அது பொய்க் கோபம்.

மார்ச் 20

'மூடியதால் நஷ்டம் வந்ததா?' வந்தது. ஆயில் சீல் லைன் பெரும்பாலும் கைவேலை. நாங்கள் மேற்செலவை ஆள்மணிக் கணக்கில் பகிர்ந்ததால் பெரும்பாரம் அதன் தலையில் இருந்தது. லைன் போனது, பாரம் போகவில்லை. வாடகை, பாய்லர், அலுவலகச் சம்பளம் எல்லாம் அப்படியே. அடுத்த வருடம் மிச்சம் நான்கு லைனிலும் ஏற்றினோம். இரண்டு லைன் காகிதத்தில் நஷ்டத்துக்குப் போயின. அவற்றையும் மூடலாமா என்று பேச்சு வந்தபோது நான் முதல்முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தேன். அவை தப்பின.

ஹெண்டர்சனின் பக்கங்களில் பணம் மேலிருந்து கீழே தெளிந்த நீராக ஓடும். மேற்செலவுப் பகிர்வு என்ற சேறு அதில் கிடையாது. சின்னக் காகிதத்தில் அதற்கு இடமில்லை. இடம் ஒதுக்கியிருந்தால் யாரும் படித்திருக்கவும் மாட்டார்கள்.

மார்ச் 24

மாணவருக்கு: கட்டாயம் படியுங்கள். 1979-ல் ஹெண்டர்சன் கட்டுரைகள் புத்தகமாக வந்தன, 1998-லும் 2006-லும் பிசிஜி-யே தொகுத்தது. முதலில் அனுபவ வளைகோடு, அப்புறம் நான்கு கட்டம். பிசிஜி-யின் ஜார்ஜ் ஸ்டாக் 1988-ல் நேரத்தைப் பற்றி எழுதிய கட்டுரையையும் விட்டுவிடாதீர்கள். செலவைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி அதில் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறது.

மார்ச் 27

மார்ச் 19 கணக்கை ஒரே தாளில் எழுதி அந்த லைனின் போர்மேனாக இருந்தவருக்குக் காட்டினேன். இப்போது எழுபது தாண்டிவிட்டார். 0.16, 2.4 இரண்டையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தம்பி, அந்த டை எல்லாம் என்ன ஆச்சு?" என்றார்.

சீல் வார்க்கும் அச்சுகள், இருநூற்றுச் சொச்சம் டை. ஒவ்வொன்றும் அவர் கையால் மெருகேற்றியது. எடைக்குப் போட்ட ரசீதும் அதே நோட்டில்தான் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்து. அவரிடம் சொன்னேன்.